6.0 பவர்ஸ்ட்ரோக்: ஆயில் கூலரா, ஹெட் கேஸ்கட்டா? வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

மலைரோடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். 2006 ஃபோர்டு எஃப்-250 வைத்திருக்கிறேன், 6.0 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் டீசல். போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு தனி ஆளிடம் வாங்கியது, 1,40,000 மைலுக்கு மேல் ஓடியிருக்கிறது. சான் ஆன்டோனியோவில் இருக்கிறோம். லீவு கிடைத்தால் டிராவல் டிரெய்லரைப் பின்னால் மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு மேற்கு டெக்சாஸ் பக்கம் போவோம், அதற்காகவே வாங்கிய வண்டி.

போன வாரம் கெர்வில் தாண்டி ஐ-10இல் ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தபோது ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று பேரிரைச்சலோடு சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் இழுவை போய்விட்டது, முழுக்க மிதித்தும் வண்டி திணறுகிறது. டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நின்றது, எந்த விளக்கும் எரியவில்லை. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டேன், அப்புறம் எதுவுமே நடக்காதது போல ஓடியது.

இன்னொன்று, கூலண்ட் குறைந்துகொண்டே வருகிறது. தரையில் ஒரு சொட்டு கூட இல்லை. கூலண்ட் ஊற்றும் டீகேஸ் பாட்டிலின் மூடியைச் சுற்றி வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் வழக்கமான கறுப்புதான், பாட்டிலிலும் ஆயில் மிதக்கவில்லை.

பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். மூடியைப் பார்த்த மாத்திரத்தில் ஹெட் கேஸ்கட் (என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் சீல்) போய்விட்டது, கேபினைத் தூக்கி வேலை செய்ய வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள், கேட்டதும் தலை சுற்றிவிட்டது. எந்த டெஸ்ட்டும் செய்யவில்லை. வீட்டில் வண்டியின் கணினியோடு இணைக்கும் ஓபிடி ப்ளூடூத் பிளக் இருக்கிறது, அது தரும் எண்களைப் படிக்க ஃபோனில் ஃபோர்ஸ்கேன் ஆப் போட்டிருக்கிறேன். பிரேக், சஸ்பென்ஷன், வாட்டர் பம்ப் வேலை எல்லாம் நானே செய்துகொள்வேன். இது ஆயில் கூலர் சம்பந்தப்பட்டதாக இருக்கலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?


டீசல்கை எழுதியது:

நண்பரே, முதலில் அந்த முள்ளை மறந்துவிடுங்கள். இந்த வண்டியில் முள் ஒரு பெரிய இடைவெளிக்குள் எந்த வெப்பநிலை இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படிதான் வைத்திருக்கிறார்கள். அது நகர ஆரம்பிக்கும்போது காரியம் கெட்டிருக்கும். அதோடு அது காட்டுவது கூலண்டை மட்டும். உங்களுக்குத் தெரிய வேண்டியது ஆயில் எவ்வளவு சூடு என்பது.

நான் ஹூஸ்டனில் டீசல் வண்டிகள் பார்க்கிறவன், இந்த 6.0 என் கையில் நிறைய வந்து போயிருக்கிறது. ஹெட் கேஸ்கட் என்று முடிவு கட்டி வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் ஆரம்பம் ஆயில் கூலர்தான். அதனால் ஒன்றையும் கழற்றாமல், ஒரு பாகமும் வாங்காமல், முதலில் இரண்டு எண்களைப் படியுங்கள். ஃபோர்ஸ்கேனில் ஈஓடி என்று ஒன்று இருக்கும், அது ஆயில் வெப்பநிலை. ஈசிடி என்பது கூலண்ட். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த இரண்டு என்று புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். இந்த என்ஜினில் ஆயில் கூலர் முன்னால் காற்று படும் இடத்தில் இல்லை. வி8இன் இரண்டு வரிசைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில், ஆயில் ஃபில்டர் ஹவுசிங்குக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. மெல்லிய தகடுகளை அடுக்கி வைத்த ஒரு சின்னப் பெட்டி அது. ஒரு அடுக்கில் ஆயில், அடுத்த அடுக்கில் கூலண்ட். ஆயில் தன் சூட்டைக் கூலண்டுக்குக் கொடுக்கிறது. கூலண்ட் போகும் வழி மிகக் குறுகல், அதில்தான் அழுக்கு அடைக்கிறது. அடைத்தால் ஆயில் சூடாகவே இருக்கும், கூலண்ட் தன் பாட்டுக்கு நார்மலாகக் காட்டும். ஆக இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அடைப்பின் அளவு.

இந்த என்ஜினில் ஆயில் வெறும் மசகு மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை இயக்குவதே உயர் அழுத்த ஆயில்தான். ஆயில் அளவுக்கு மீறிச் சூடானால் கணினி டீசலைக் குறைத்துவிடும். ஏற்றத்தில் உங்களுக்கு இழுவை போனது அதனால்தான் என்று நினைக்கிறேன், ஆறியதும் சரியானதும் அதோடு ஒத்துப்போகிறது.

எப்படி அளப்பது: டிரெய்லர் இல்லாமல், சமதளமான ஹைவேயில், 65 மைல் வேகத்தை க்ரூஸில் வைத்து இருபது நிமிடமாவது ஓட்டுங்கள். சிட்டிக்குள் சிக்னல் சிக்னலாக நின்று அளந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. இரண்டு எண்களும் நிலைத்து நின்ற பிறகு ஆயிலுக்கும் கூலண்டுக்கும் வித்தியாசம் 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும். நல்ல கூலர் என்றால் 5, 8 என்றுதான் இருக்கும். 15ஐத் தாண்டினால் கூலர் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. எண்களைப் போடுங்கள், அப்புறம் பேசலாம். அதுவரை டிரெய்லரை மாட்டாதீர்கள்.


எட்மன்டன்காரன் எழுதியது:

டீசல்கை அண்ணா சொன்னதுதான் சரியான தொடக்கம். அதில் ஆட்கள் ஏமாறுகிற இரண்டு இடங்களை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலாவது தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைப் பொறுத்துக் கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு. அது திறந்தபடி சிக்கியிருந்தால் கூலண்ட் 170, 175 டிகிரிக்கு மேல் ஏறாது. ஆயில் 195இல் இருக்கும். வித்தியாசம் 20 என்று பார்த்துவிட்டுக் கூலர் போய்விட்டது என்று முடிவு கட்டுவார்கள். எங்கள் ஊர்க் குளிரில் இது அடிக்கடி நடக்கும். கூலண்ட் 190ஐத் தாண்டி நிலைத்து நிற்கிறதா என்று பாருங்கோ. இல்லையென்றால் முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றிவிட்டுத் திரும்ப அளக்க வேண்டும்.

இரண்டாவது சென்சர். ஒரு சென்சர் பிழையாகக் காட்டினால் நீங்கள் பார்க்கிற வித்தியாசமே பொய். இதைச் சோதிக்கச் செலவே இல்லை. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் பண்ணி இரண்டு எண்களையும் வாசியுங்கோ. இரண்டும் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று டிகிரிக்குள், வெளிக்காற்றின் வெப்பநிலைக்குக் கிட்ட இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் சென்சரைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள். குளிரில் என்ஜினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டர் பூட்டி வைத்திருந்தால் இந்தச் சோதனை சரிவராது, டெக்சாஸில் உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

கையில் பிடிக்கிற இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் அளந்தேன் என்று சிலர் எழுதுவார்கள். கூலர் பள்ளத்துக்குள் புதைந்து கிடக்கிறது, மேலே டர்போவும் இன்டேக்கும். வெளித் தகட்டின் சூட்டை அளந்து என்ன தெரியப்போகிறது? சென்சர் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.


மலைரோடு எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி, சொன்னபடியே செய்தேன். காலையில் சாவி மட்டும் ஆன்: ஆயில் 78, கூலண்ட் 77, வெளியே ஃபோனில் 76 காட்டியது. சென்சர் சரிதான் போல.

அப்புறம் டிரெய்லர் இல்லாமல் ஐ-10இல் கிழக்கே, செகின் வரை போய் வந்தேன், அந்தப் பக்கம் சமதளம். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. 65இல் நிலைத்த பிறகு கூலண்ட் 194, ஆயில் 217. கூலண்ட் 193க்கும் 195க்கும் நடுவில்தான் ஆடியது, ஆயில் 215க்குக் கீழே இறங்கவே இல்லை. வேகத்தை 75க்கு ஏற்றியதும் ஆயில் 224 வரை போனது, கூலண்ட் 196.

23 டிகிரி வித்தியாசம். கூலர் என்று முடிவு செய்துவிடலாமா? அப்படியென்றால் கூலண்ட் எங்கே போகிறது? கூலர் அடைத்தால் கூலண்ட் ஏன் குறைய வேண்டும்? அதுதான் புரியவில்லை, ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.


டீசல்கை எழுதியது:

கூலண்ட் 194இல் நிற்கிறது, அதனால் தெர்மோஸ்டாட் மேல் பழி இல்லை. சென்சரும் சரி. 23 என்றால் கூலர் அடைத்துவிட்டது, இதில் சந்தேகம் வேண்டாம். வேகம் ஏற ஏற வித்தியாசம் 28 ஆனதும் அதே கதைதான். ஆயில் அதிகச் சூட்டைக் கொண்டுவருகிறது, வாங்கிக்கொள்ளப் போதுமான கூலண்ட் ஓட்டம் அங்கே இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமான கேள்வி. ஆயில் கூலரைக் கடந்து வருகிற கூலண்ட் நேராக இஜிஆர் கூலருக்குத்தான் போகிறது. இஜிஆர் என்பது எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பங்கைத் திரும்ப இன்டேக்குக்கு அனுப்பும் அமைப்பு, அந்த வாயுவை ஆற வைப்பதுதான் இந்தக் கூலர். அங்கே எதிரே வருவது எக்ஸாஸ்ட் வாயு, பாரம் இழுக்கும்போது ஆயிரம் டிகிரியைத் தாண்டும். ஆயில் கூலர் அடைத்துப் போனால் இஜிஆர் கூலருக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் கூலண்ட் வரும். அந்தச் சூட்டில் அது உள்ளேயே கொதித்து ஆவியாகும், கூலரின் உள் பகுதி வெந்து வெடிப்பு விடும். அந்த வெடிப்பு வழியாகக் கூலண்ட் இன்டேக்குக்குள் போய், என்ஜின் அதை எரித்து வெள்ளைப் புகையாக வெளியே தள்ளிவிடும். தரையில் சொட்டு இல்லாமல் கூலண்ட் குறைவதும், காலையில் வெள்ளைப் புகையும் இதுதான். 2004க்குப் பிறகு வந்த சதுர வடிவ இஜிஆர் கூலர், முன்னால் இருந்த உருளை வடிவத்தைவிட இதில் சீக்கிரம் விழுந்துவிடும், உங்களுடையது சதுரம்.

ஹெட் கேஸ்கட் இல்லை என்று நான் இன்னும் சொல்லவில்லை. ஆனால் கேட்டுக்கொள்ளுங்கள், இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். இஜிஆர் கூலரில் வெடிப்பு இருந்தால் பாரம் இழுக்கும்போது எக்ஸாஸ்ட் அழுத்தம் திரும்பக் கூலண்டுக்குள்ளும் புகும். டீகேஸ் பாட்டிலில் அழுத்தம் ஏறும், மூடி வழியாகக் கூலண்ட் கக்கும், அது காய்ந்து வெள்ளையாக ஒட்டும். ஹெட் கேஸ்கட் போனாலும் இதே அறிகுறிதான். கூலண்டில் என்ஜினுக்குள் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று நீல திரவத்தை வைத்துச் சோதிப்பார்களே, அதுவும் இரண்டிலும் நிறம் மாறும். ஆக மூடியைச் சுற்றி வெள்ளை இருக்கிறது என்பதை வைத்து மட்டும் ஹெட் கேஸ்கட் என்று சொல்ல யாராலும் முடியாது. இஜிஆர் கூலரை வழியிலிருந்து விலக்கிவிட்டுத்தான் ஹெட்டைக் குற்றம் சொல்ல வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: என்ஜின் முழுக்க ஆறிய பிறகு கூலிங் பிரஷர் டெஸ்டரை வாங்கி வாருங்கள், பாகக் கடைகளில் இரவலாகவே தருவார்கள். பாட்டிலில் மாட்டி 15 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் இஜிஆர் வால்வைக் கழற்றுங்கள், அது முன்னால் மேலேயே இருக்கிறது, இரண்டு போல்ட், பிடிவாதமாக இருந்தால் மெதுவாக ஆட்டித் திருப்பி எடுங்கள், இழுத்துப் பிய்க்காதீர்கள். அதன் அடிப்பாகத்தையும் அது உட்கார்ந்த குழியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த கறுப்புக் கரி என்றால் நல்லது. ஈரமாகவோ, ஆவியில் கழுவியது போலப் பளிச்சென்றோ, வெள்ளைப் படிவோடோ இருந்தால் இஜிஆர் கூலர் ஒழுகுகிறது.


ஆயில்சாம்பிள் எழுதியது:

நான் லூப்ரிகண்ட் சோதிக்கும் லேபில் வேலை செய்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். ஆயில் கூலர் கெடுவதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று அடைப்பு, இங்கே பேசிக்கொண்டிருப்பது. இன்னொன்று உள் ஒழுகல், அதாவது ஆயிலையும் கூலண்டையும் பிரிக்கும் தகடோ சீலோ விட்டுவிடுவது.

என்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம் கூலண்ட் அழுத்தத்தைவிட மிக அதிகம். அதனால் ஒழுகினால் பெரும்பாலும் ஆயில்தான் கூலண்டுக்குள் போகும். பாட்டிலைத் திறந்தால் காபி நிறத்தில் கொழகொழவென்று நிற்கும், ரப்பர் ஹோஸ்கள் உப்பி மெத்தென்று ஆகிவிடும். என்ஜினை நிறுத்திய பிறகு நிலைமை தலைகீழ்: ஆயில் அழுத்தம் பூஜ்யம், கூலண்ட் சூட்டில் இன்னும் அழுத்தத்தோடு இருக்கிறது, அப்போது கூலண்ட் ஆயிலுக்குள் போக வாய்ப்பு உண்டு. அது கொஞ்சமாகப் போனால் டிப்ஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் பகுதி சூட்டில் ஆவியாகிவிடும். ஆனால் கூலண்டின் ரசாயனம் ஆயிலிலேயே தங்கிவிடும். லேபில் சோடியம், பொட்டாசியம் இரண்டும் சேர்ந்து உயர்ந்திருந்தால் நாங்கள் முதலில் கூலண்டைத்தான் சந்தேகிப்போம். பேரிங்கிலிருந்து வரும் ஈயம், செம்பும் கூட ஏறியிருந்தால் கூலண்ட் ஏற்கெனவே கெடுதல் செய்ய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

உங்கள் வண்டியில் பாட்டில் சுத்தமாக இருக்கிறது, அதனால் அடைப்பு என்பதே பொருந்துகிறது. இருந்தாலும் கூலர் மாற்றுவதற்கு முன் ஆயிலை வடிக்கத்தான் போகிறீர்கள். வடியும்போது நடுப்பகுதியில் ஒரு சாம்பிள் பிடித்து அனுப்பிவிடுங்கள், கடைசியில் வருவதைப் பிடிக்காதீர்கள். இந்த என்ஜினில் ஆயிலின் தரம் இன்ஜெக்டருக்கே போய்ச் சேர்கிறது என்பதால், மற்ற டீசல் பிக்கப்களைவிட இங்கே அது அதிகம் முக்கியம். டாட்ஜ் பிக்கப்பில் வரும் 5.9 கம்மின்ஸ் என்ஜினிலும் ஆயில் கூலர் உண்டு, ஆனால் அதில் ஆயில் போய் இன்ஜெக்டரை அடிப்பதில்லை.


மலைரோடு எழுதியது:

டெஸ்டர் வாங்கிவந்து செய்தேன். 15இல் ஏற்றி விட்டேன், அரை மணியில் 12க்கு இறங்கியது. கீழே, ஹோஸ் முனைகள், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன், வெளியே எங்கும் ஈரமே இல்லை.

இஜிஆர் வால்வை எடுத்தேன். மேல் பகுதியில் தடியாகக் கரி, தொட்டால் பொடியாக விழுகிறது. ஆனால் அடியில் உள்ள தட்டுக்குப் பக்கத்தில் கரி ஈரமாக, விரலில் மை போல ஒட்டுகிறது, ஒரு பக்கம் மட்டும் உலோகம் வெளியே தெரியும் அளவுக்குக் கழுவப்பட்டிருக்கிறது. மோந்து பார்த்தால் அந்தக் கூலண்டின் இனிப்பு வாசனை. பாட்டிலில் இருப்பது மஞ்சள் கூலண்ட், ஆனால் அடியில் கொஞ்சம் சாம்பல் நிறத்தில் கலங்கல் தெரிகிறது, கம்பியை விட்டுத் தொட்டால் வழவழவென்று வருகிறது.

சரி, இரண்டு கூலரும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். இனி இஜிஆரை முழுக்கவே எடுத்துவிட்டு அடைத்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார், அதுவும் ஒரு யோசனை. மற்றபடி கூலண்ட் வழி முழுவதையும் ஃப்ளஷ் செய்து கழுவினாலே ஆயில் கூலர் அடைப்பு விடும் என்கிறார்கள், அது உண்மையா? கூலர் வேலையை நானே செய்யலாமா?


எட்மன்டன்காரன் எழுதியது:

அந்த வழவழப்பு சிலிக்கேட். மஞ்சள் கூலண்டில் அலுமினியத்தைப் பாதுகாக்கச் சிலிக்கேட் கலந்திருக்கும். கூலண்ட் பழசாகி, அதோடு அளவுக்கு மீறிச் சூடானால் அது கரைசலிலிருந்து பிரிந்து, ஆறிய கஞ்சியின் ஆடை போலத் திரண்டுவிடும். அதுதான் கூலரின் குறுகலான வழியில் போய் உட்காருகிறது. கூடவே பிளாக்கை வார்க்கும்போது தங்கிய மணல், துரு எல்லாம் சேர்ந்து கெட்டியாகிவிடும். இந்த என்ஜினை ஏசாத ஆள் இல்லை, ஆனால் நான் பார்த்த வரைக்கும் பழைய கூலண்டை மாற்றாமல் ஓட்டியவர்களின் வண்டிதான் முதலில் படுத்தது. கூலண்டை நேரத்துக்கு மாற்றி, அதன் வழியில் ஒரு சின்ன கூலண்ட் ஃபில்டரும் பூட்டி வைத்தவர்களின் வண்டி இரண்டு லட்சம் மைலைத் தாண்டி இன்னும் ஓடுகிறது. உங்களுக்கு விற்றவர் கூலண்டில் கை வைத்திருக்க மாட்டார்.

ஃப்ளஷ் விஷயம். அடைத்துப்போன கூலரை ஃப்ளஷ் செய்து காப்பாற்றலாம் என்று நம்பாதீர்கள். கொஞ்சம் குறையும், சில மாதத்தில் பழையபடி வரும். ஆனால் ஃப்ளஷ் கட்டாயம் செய்ய வேண்டும், அதுவும் பழைய கூலர் உள்ளே இருக்கும்போதே செய்ய வேண்டும். புதுக் கூலரைப் பூட்டிவிட்டு ஃப்ளஷ் பண்ணினால் பிளாக்கில் இருக்கிற குப்பை முழுக்க அதற்குள்தான் போகும், காசு கொடுத்து வாங்கின சாமான் ஒரு கிழமையில் பாழ். முதலில் சிலிக்கேட்டைக் கரைக்கிற காரத் தன்மையான கிளீனர், அதைக் கழுவி எடுத்த பிறகு துருவை எடுக்கிற அமிலக் கிளீனர். இரண்டையும் ஒன்றாக ஊற்றக் கூடாது. ரேடியேட்டரை மட்டும் வடித்தால் பாதிதான் வெளியே வரும், பிளாக்கின் இரண்டு பக்கத்திலும் உள்ள வடிகால் பிளக்கைக் கழற்ற வேண்டும், அவை சுலபத்தில் வராது. இடையில் கழுவக் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் பாவியுங்கோ. வெளியே வருவது தெளிவாகும் வரைக்கும் விடாதீர்கள்.

திரும்ப ஊற்றும்போது மஞ்சளுக்குப் போகாதீர்கள். நைட்ரைட் கலந்த, சிலிக்கேட் இல்லாத, ஹெவி டியூட்டி டீசலுக்கான எக்ஸ்டெண்டட் லைஃப் கூலண்ட், கேட்டர்பில்லர் ஈசி-1 தரம் என்று எழுதியிருப்பது. ஆனால் பழையது ஒரு துளியும் இல்லாமல் கழுவிய பிறகுதான். இரண்டையும் கலப்பது மஞ்சளையே வைத்திருப்பதைவிடக் கேடு.


டீசல்கை எழுதியது:

உங்கள் விவரம் தெளிவாக இருக்கிறது. வெளியே ஈரமில்லாமல் அழுத்தம் இறங்குவதும், வால்வின் ஒரு பக்கம் கழுவப்பட்டிருப்பதும், இனிப்பு வாசனையும் சேர்ந்தால் இஜிஆர் கூலர்தான்.

இஜிஆரை எடுத்துவிடுவது பற்றி: வேண்டாம். அமெரிக்காவில் ஃபெடரல் க்ளீன் ஏர் ஆக்ட்டின்படி அது சட்டவிரோதம், உங்கள் கவுண்டியில் யாரும் டீசலைப் புகைச் சோதனை செய்வதில்லை என்பதால் அது சட்டப்படி ஆகிவிடாது. அதோடு அது மூலக் காரணத்தைத் தொடுவதும் இல்லை. ஆயில் கூலர் அடைத்தபடியே இருந்தால் ஆயில் கொதித்துக்கொண்டே இருக்கும், அது இன்ஜெக்டரை அழிக்கும். தகடு அடுக்குக்குப் பதில் தடித்த குழாய் வைத்து பலப்படுத்திய இஜிஆர் கூலர்கள் சான்றிதழோடு கிடைக்கின்றன, அதைப் போடுங்கள். ஆயில் கூலரை மாற்றாமல் இஜிஆர் கூலரை மட்டும் மாற்றுவது மிகப் பெரிய வீண்செலவு, புதியதும் அதே காரணத்தால் வெந்துவிடும். இரண்டும் ஒரே வேலைதான், மேலே உள்ளதை எல்லாம் ஒருமுறைதான் கழற்றப் போகிறீர்கள்.

நீங்கள் செய்யலாமா? வாட்டர் பம்ப் மாற்றியவர் பொறுமை இருந்தால் செய்யலாம். டர்போ, இன்டேக் மேனிஃபோல்டு, ஃபில்டர் ஹவுசிங் வெளியே வர வேண்டும். ஒரு முழு வார இறுதியை ஒதுக்கிக்கொள்ளுங்கள். நான் கெஞ்சிக் கேட்பது சுத்தம். டர்போவைத் தூக்கியதும் அந்தப் பள்ளத்தில் பல வருட மண்ணும் ஆயிலும் சேர்ந்து கிடக்கும். ஹவுசிங்கின் ஒரு போல்ட்டைத் தொடுவதற்கு முன் அதை ஷாப் வேக்குவமால் உறிஞ்சி, துடைத்து, சுத்தமாக்கிவிடுங்கள். ஏனென்றால் கூலரைத் தூக்கியதும் அதற்குக் கீழே தெரிவது உயர் அழுத்த ஆயில் பம்புக்குப் போகும் ஆயில் தொட்டி. அதில் விழும் மணல் பம்பையும் எட்டு இன்ஜெக்டரையும் பார்த்துவிட்டுத்தான் வரும். திறந்த இன்டேக் துளைகளை உடனே டேப் போட்டு மூடுங்கள்.

அந்தத் தொட்டியின் வாயில் ஒரு சின்ன சல்லடை இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், பழைய சல்லடை மூலையில் கிழிந்திருப்பது சகஜம். கிழியாவிட்டாலும் புதியது போடுங்கள், விலை ஒன்றுமில்லை. கிழிந்த துண்டு காணவில்லை என்றால் அது எங்கே போனது என்று தேடாமல் மூடாதீர்கள். கூலர் வாங்கும்போது சீல் கிட்டோடு ஒரிஜினல் வாங்குங்கள். ஹவுசிங்கில் பூட்டிய பிறகு என்ஜினில் வைப்பதற்கு முன்னால், கூலண்ட் துளைகளை அடைத்து, குறைந்த காற்றழுத்தம் கொடுத்து ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் சீல் சரியாக உட்காரவில்லை. மேலே எல்லாம் பூட்டிவிட்டு அதைக் கண்டுபிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

உங்களுடையது 2006 என்பதால் உயர் அழுத்த ஆயில் பம்பின் வெளிவழியில் இருக்கும் எஸ்டிசி ஃபிட்டிங் என்ற இணைப்பையும் இப்போதே மாற்றிவிடுங்கள். 2005 முதல் 2007 வரை வந்த வண்டிகளில் அது விட்டுப்போனால் சூடான என்ஜின் ஸ்டார்ட் ஆகாது. இன்ஜெக்டர் வேலை செய்ய 500 பிஎஸ்ஐ ஆயில் அழுத்தமாவது வேண்டும், ஒழுகலில் அது எட்டாது. டர்போ வெளியே இருக்கும்போது அதைத் தொடுவது கொஞ்ச நேர வேலை, பிறகு தனியாகச் செய்தால் மறுபடி இதே கழற்றல். அதைத் தாண்டி, கைக்கு எட்டுகிறது என்பதற்காக நல்ல பாகங்களை மாற்றிக்கொண்டே போகாதீர்கள்.

ஹெட் கேஸ்கட்டுக்கு இப்போது ஒரு காசும் செலவு செய்ய வேண்டாம். இரண்டு கூலரும் புதிதாகி, கூலண்ட் ஊற்றி, காற்றெல்லாம் வெளியேறிய பிறகு பாட்டிலில் ஒரு பிரஷர் கேஜை மாட்டி ஓட்டுங்கள். காலையில் மூடியைத் திறந்து மூடிவிட்டுக் கிளம்பி, நன்றாகச் சூடான பின் ஏற்றத்தில் முழுக்க மிதியுங்கள். மூடி 16 பிஎஸ்ஐ தாங்கும். கேஜ் அதைத் தொடாமல் கீழேயே நின்றால் உங்கள் ஹெட் நன்றாக இருக்கிறது. மிதித்ததும் விறுவிறுவென்று 16ஐ முட்டினால் அப்போது ஹெட் வேலை பற்றிப் பேசலாம், அப்போது ஹெட்டை இறுக்கும் போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் போடுவது பற்றியும் எழுதுகிறேன்.


மலைரோடு எழுதியது:

பாகங்களுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன்: ஆயில் கூலர் கிட், சல்லடை, எஸ்டிசி ஃபிட்டிங், குழாய் வகை இஜிஆர் கூலர், இன்டேக் கேஸ்கட், கூலண்ட் ஃபில்டர். ஃப்ளஷ் கிளீனர் நாளை வருகிறது, பழைய கூலர் உள்ளே இருக்கும்போதே ஆரம்பிக்கிறேன். ஆயில் சாம்பிள் பாட்டிலும் வாங்கிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம் மீதி. வேலை முடிந்து ஸ்டார்ட் செய்யும்போது முதலில் ஆயில் தொட்டி காலியாக இருக்குமே, நேராக ஸ்டார்ட் போடலாமா?


டீசல்கை எழுதியது:

நேராகப் போட்டால் ரொம்ப நேரம் க்ராங்க் ஆகும், பேட்டரியும் ஸ்டார்ட்டரும் பாவம். கூலரையும் ஹவுசிங்கையும் மேலே வைத்துப் பூட்டுவதற்கு முன்னாலேயே தொட்டியில் ஆயிலை மெதுவாக ஊற்றி நிரப்பிவிடுங்கள். சுத்தமான கேன், சுத்தமான புனல். ஹவுசிங்கைப் பூட்டிய பிறகு ஃபில்டரையும் அதனுடைய ஒரிஜினல் மூடியையும் போடுங்கள். வேறு கம்பெனியின் உயரமான ஃபில்டரும் மூடியும் இந்த ஹவுசிங்குக்குச் சரிவராது, ஆயில் ஃபில்டருக்குள் போகாமலே தப்பித்துவிடும். மொத்தம் 15 குவார்ட் பிடிக்கும், இப்போது ஊற்றியதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். க்ராங்க் செய்யும்போது பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் பிடிக்காமல் இடைவெளி விட்டு விட்டுச் செய்யுங்கள். இரண்டு பேட்டரியும் முழு சார்ஜில் இருக்கட்டும், வோல்டேஜ் இறங்கினால் இன்ஜெக்டரை ஓட்டும் மின்னணு மாட்யூல் அடிபடும்.

ஸ்டார்ட் ஆனதும் சில நிமிடம் கரடுமுரடாக ஓடும், உயர் அழுத்த வழியில் மாட்டிய காற்று வெளியேறும் வரை அப்படித்தான். பிறகு செகின் வரை அதே ரோடு, அதே 65, அதே எண்கள். 194க்குப் பக்கத்தில் கூலண்டும் 200க்குப் பக்கத்தில் ஆயிலும் நின்றால் டிரெய்லரை மாட்டலாம். எண்களை இங்கேயே போடுங்கள்.